கோயில் கேமராவும் ஒரு தூக்குத் தண்டனையும்

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், வாடகைக்கு விடும் வீடுகள் ஏராளம். பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம் ஒருவர், இந்த மாதம் வேறொருவர். இப்படி ஆள் மாறும் தெருவில் குடியிருப்பவர்கள் சென்னை முகலிவாக்கம் வழக்கை அறிந்துவைத்திருப்பது நல்லது. 2017 பிப்ரவரி 5ஆம் தேதி அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழு வயதுச் சிறுமி காணாமல்போனாள். பிறகு எரிந்த நிலையில் அவள் உடல் கிடைத்தது. கைதானவர் அதே குடியிருப்பில் வசித்த இளைஞர். 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா, அவரை விடுதலை செய்துவிட்டார்கள்.

அன்று 'சட்டம் எப்போதும் குற்றவாளி பக்கம்தான்' என்று பொருமாத வாய் குறைவு. ஆனால் தீர்ப்பைப் பார்த்தால், பொரும வேண்டிய இடம் வேறு. அருகிலிருந்த கோயிலின் கண்காணிப்பு கேமராவில் அவருடைய நடமாட்டம் பதிவாகியிருந்தது என்றது அரசுத் தரப்பு. அந்தப் பதிவை முறைப்படி கைப்பற்றி நீதிமன்றத்தில் வைக்கவே இல்லை! சிறுமியைக் கடைசியாக அவரோடு பார்த்தேன் என்ற சாட்சியம் நம்பிக்கை தரவில்லை. வாக்குமூலத்தின்பேரில் பொருட்களைக் கைப்பற்றிய கதையும் நிற்கவில்லை. மரபணு மாதிரிகள் எடுத்ததிலிருந்து ஆய்வகம் போய்ச் சேரும்வரை யார் கையில், எப்படி இருந்தன என்பதற்கும் உறுதியான கணக்கு இல்லை. நேரில் பார்த்தவர் இல்லாத வழக்கு சங்கிலி போன்றது. இங்கே எந்தக் கண்ணியைத் தொட்டாலும் கழன்றது.

'கொலை வழக்கில் சிக்கியவருக்கு வக்கீல் எதற்கு, அவகாசம் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. குழந்தையைப் பறிகொடுத்த வீட்டின் வேதனையிலிருந்து வரும் கேள்வி. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் நடந்ததைப் பாருங்கள். குற்றச்சாட்டு வனையப்பட்டபோது அவருக்கு வக்கீல் இல்லை. 2017 டிசம்பர் 13 அன்று இலவச சட்ட உதவி வக்கீல் அமர்த்தப்பட்டார். நான்கே நாளில் சாட்சி விசாரணை தொடங்கியது. இரண்டு மாதத்துக்குள் முப்பது சாட்சிகள். குற்றவாளி என்று அறிவித்த நாளிலேயே தூக்கு. அன்று எல்லோரும் இந்த வேகத்தைப் பாராட்டினோம். அடுத்த ஏழு ஆண்டுகள் மேல்முறையீட்டில் கழிந்தன, வழக்கும் போயிற்று. தேர்ந்த வக்கீல் ஒருவர் அன்றே குறுக்கு விசாரணையில் துருவியிருந்தால், கேமராப் பதிவு எங்கே என்ற கேள்வி செங்கல்பட்டிலேயே எழுந்திருக்கும். போலீஸாரும் அதைத் தேடியாக வேண்டியிருக்கும். எதிர்த்தரப்பு வக்கீலின் துருவலைத் தாங்கிய வழக்குதான் டெல்லிவரை தாங்கும்.

'சரி, மறுவிசாரணைக்கு அனுப்பியிருக்கலாமே' என்பது இன்னொரு வாதம், நியாயமானதும்கூட. ஆனால் சம்பவம் நடந்து எட்டு ஆண்டுகள் ஓடியிருந்தன. நினைவு மங்கிய சாட்சிகளையும் சேர்த்துவைக்காத பதிவையும் கொண்டு புதிதாக எதை நிரூபிப்பது? சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் அதைச் சான்றின் இடத்தில் உட்காரவைக்க முடியாது. தூக்கு வழக்கில் அதற்கு இம்மியும் இடமில்லை.

ஆகவே வீட்டிலும் விடுதியிலும் கடையிலும் கேமரா வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தெருவில் அசம்பாவிதம் நடந்தால் பதிவைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு நிறுத்திவிடாதீர்கள். பதிவுப் பெட்டி நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். உடனே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுத்துச் செல்லும்போது, என்ன எடுத்தார்கள், என்று எடுத்தார்கள் என்று எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.