கிடாரி வளர்ப்பும் காத்திருக்கும் காலமும்

(கால்நடை வளர்ச்சி அலுவலர்களுக்கான பயிற்சியில் நிகழ்த்தப்பட்ட உரை)

1970 முதல் 1996 வரை நடைபெற்ற ‘ஆபரேஷன் ஃபிளட்’ திட்டம் நாட்டுப்புற உற்பத்தியாளரின் பாலுக்கு நகரச் சந்தையைத் திறந்துவிட்டது. செயற்கை முறைக் கருவூட்டல் நல்லினக் கன்றுகளைத் தந்தது. ஆனால், கன்று பிறப்பதற்கும் அது கறவைக்கு வருவதற்கும் இடைப்பட்ட காலம் அதே அளவு கவனத்தைப் பெறவில்லை.

பால் மறந்த கிடாரிக் கன்று, சிறு விவசாயிக்கு உடனடி வருவாய் தருவதில்லை. தீவனம் குறையும்போது முதலில் குறைவது அதன் பங்கே. கறவைப் பசுவுக்குப் பிண்ணாக்கு. கிடாரிக்கு எஞ்சிய வைக்கோல். இதனை அறியாமை எனல் பொருந்தாது. அன்றாட வரவைக் கொண்டு வாழும் குடும்பத்தின் கணக்கு அது.

எனினும், முழுக் கணக்கு வேறு. கிடாரி பருவமடைவதை வயதைக் காட்டிலும் உடல் எடையே பெரிதும் நிர்ணயிக்கிறது. முதிர்ந்த பசுவின் எடையில் 60 முதல் 65 விழுக்காட்டை எட்டியதும் கருவூட்டல் செய்யலாம். 400 கிலோ வரை வளரும் கலப்பினத்தில் இது சுமார் 250 கிலோ. மூன்று மாத வயதில் 60 கிலோ உள்ள கன்று, நாளொன்றுக்கு 400 கிராம் வீதம் எடை கூடினால் 475 நாட்களில் இந்நிலையை அடையும். 200 கிராம் வீதமெனில் 950 நாட்களாகும். உடனே சினைப்பட்டால், முன்னது ஏறத்தாழ 28 மாத வயதில் ஈனும். பின்னது 43 மாத வயதில். மிச்சப்படுத்திய தீவனத்துக்கு ஈடாக இழக்கப்படுவது ஒரு கறவைக் காலத்தின் வருவாய்.

அளவு மீறிய தீவனமும் நன்றன்று. பருவமடையுமுன் மிகையாகக் கொழுக்கும் கிடாரியின் மடியில் பால் சுரக்கும் திசுவின் வளர்ச்சி குன்றும். பசுந்தீவனம், அளவான அடர்தீவனம், தாது உப்புக் கலவை, உரிய காலத்தில் குடற்புழு நீக்கம் ஆகியவற்றால் பெறும் சீரான வளர்ச்சியே தேவை.

இந்தச் செலவு இன்று. பயனோ ஈராண்டுக்குப் பின். அந்த இடைவெளியைச் சிறு விவசாயி தனியே தாங்க இயலாது. 1970-களில் கேரளம் மேற்கொண்ட சிறப்புக் கால்நடை இனப்பெருக்கத் திட்டம், கலப்பினக் கிடாரிகளுக்கு மானிய விலையில் தீவனம் வழங்கி இச்சுமையைப் பகிர்ந்துகொண்டது. அறிவுரையுடன் தீவனமும் சென்று சேர வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

கருவூட்டல்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் பதிவேட்டில், கிடாரியின் முதல் ஈற்று வயதும் இடம்பெறுதல் வேண்டும். திட்டத்தின் பயனை அளக்கும் உண்மையான அளவுகோல் அதுவே.