காட்டுக்கு மருந்து போட முடியுமா?

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



போன தீபாவளிக்கு லயத்துப் பக்கம் ஆடு வெட்டினோம். ஈரலில் தண்ணிக் கொப்புளம் மாதிரி இருந்த துண்டை, "இது நமக்கு ஆகாது" என்று நறுக்கி நாய்க்குப் போட்டோம். ராத்திரி அதே நாய் பிள்ளைகளோடு இஸ்தோப்பில் படுத்துக்கொண்டது. யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

ஜப்பானின் வடக்கே ரெபுன் என்று ஒரு சின்னத் தீவு. 1920களில் மரக்கன்றைக் கடிக்கிற எலிகளை ஒழிக்கவும், தோலுக்காகவும் அங்கே நரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நரியோடு நாடாப்புழுவும் வந்து சேர்ந்தது. ஒரு அரிசி மணி நீளம்கூட இல்லாத புழு. நரியின் மலத்தில் அதன் முட்டை வெளியேறும். முட்டையைத் தின்ற எலியின் ஈரலில் குட்டிப்புழு வளரும். அந்த எலியைத் தின்ற நரிக்கு மறுபடி புழு. முட்டை மனிதர் வாயில் போனால் ஈரலில் கட்டியாக வளரும். பல வருஷம் ஒன்றுமே தெரியாது. அந்தத் தீவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது. கடைசியில் நரிகளையும் நாய்களையும் கொன்றுதான் புழுவை ஒழித்தார்கள்.

சின்னத் தீவில் அது நடந்தது. பெரிய காட்டில் நடக்குமா? ஜப்பானின் ஹொக்கைடோவிலும் ஜெர்மனியிலும் மீன் கலந்த இரைக்குள் பிரசிகுவான்டெல் என்ற மருந்தை வைத்து, நரி நடமாடும் இடங்களில் போட்டுப் பார்த்தார்கள். புழு நன்றாகக் குறைந்தது. ஆனால் அந்த மருந்து வயிற்றில் இருக்கிற புழுவைக் கொல்லுமே தவிர, நாளைக்கு வருவதைத் தடுக்காது. அதனால் திரும்பத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. நிறுத்திய இடங்களில் புழு மறுபடி கூடியது.

அந்த நரிப்புழு குளிர் நாடுகளுக்கு உரியது. ஆனால் அதன் பங்காளி ஒன்று நாய்க்கும் ஆடு, மாடு, பன்றிக்கும் இடையில் சுற்றுகிறது. இலங்கையிலும் மாடுகளில் கண்டிருக்கிறார்கள். ஈரலில் வரும் தண்ணிக் கொப்புளம் அந்தப் புழுவின் கூடாகவும் இருக்கலாம்.

காட்டுக்கெல்லாம் நம்மால் மருந்து போட முடியாது. ஆனால் இந்தச் சங்கிலியின் ஒரு வளையம் நம் லயத்து வாசலில் கிடக்கிறது. அதை நாம் அறுக்கலாம்.

1. எதை வெட்டினாலும் ஈரல், நுரையீரல், குடல் கழிவைப் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். ஆழக் குழி தோண்டிப் புதைத்து, நாய் கிளறாதபடி மேலே கல் வையுங்கள். காட்டுப்பன்றிக் கழிவானாலும் இதேதான்.

2. நாய்க்கு என்ன மருந்து, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். எல்லாப் பூச்சி மாத்திரையும் நாடாப்புழுவுக்குக் கேட்காது. மருந்து கொடுத்த நாட்களில் நாயின் மலத்தைப் புதைத்துவிடுங்கள்.

3. நாயைத் தொட்டாலும், மலையிலிருந்து வந்தாலும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பீலித் தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுகிறவர்கள் இலை இலையாகக் கழுவுங்கள்.

நாயை அடித்து விரட்டச் சொல்லவில்லை. அது போட்டதைத் தின்கிறது. போடுகிற கை நம்முடையது. இந்தத் தீபாவளிக்குக் கத்தி தீட்டுகிறபோதே குழியையும் வெட்டி வைப்போம்.