ஓலை எழுதியவர் யார்?
வாண்டாவின் தன்வரலாற்றை முன்வைத்து



படித்த நூல் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். நான் எடுத்துக்கொண்ட நூல், மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு வேட்கையைப் பற்றியது. காதலித்தவளுக்கு ஆட்பட்டு, அவள் ஏவலையும் அடியையும் ஏற்பதில் இன்பம் காணும் வேட்கை அது. நகைத்தோ முகஞ்சுளித்தோ அதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், 'நான் உன் அடிமை' என்னும் தொடரை நம் காதற் கவிதைகளில் எத்தனை முறை எழுதியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் ஒதுக்குதல் அவ்வளவு எளிதன்று. அத்தொடர் யாரை நோக்கிச் சொல்லப்பட்டதோ, அந்தப் பெண் எழுதிய நூல் இது.

லியோபோல்ட் ஃபான் சாஹர்-மாசோக் 1836இல் லெம்பெர்க் நகரில் பிறந்தவர். இன்று உக்ரைனில் லிவிவ் என வழங்கும் ஊர் அது. ஜெர்மன் மொழியில் எழுதிய இவர், 1870இல் 'உரோம ஆடையில் வீனஸ்' என்னும் கதையை வெளியிட்டார். அதன் நாயகன் செவரின், வாண்டா ஃபான் துனாயெவ் என்னும் பெண்ணுக்கு எழுத்துமூலம் அடிமையாகிறான். உரோம ஆடை அணிந்து சாட்டை ஏந்தும் அவள் அவன் கற்பனையின் அரசி.

அக்கதைக்குமுன் வாழ்வு இருந்தது. 1869இல் ஃபானி பிஸ்டோர் என்னும் பெண்மணியோடு மாசோக் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆறு மாத காலம் அவர் அடிமை. அப்பெண்மணி இயன்றபோதெல்லாம், குறிப்பாகக் கொடுமை செய்யும்போது, உரோம ஆடை அணிதல் வேண்டும். அதே ஒப்பந்தத்தில் வேறிரண்டு விதிகளும் உள்ளன. அடிமைக்கு நாள்தோறும் ஆறு மணிநேரம் தன் பணிக்காக விடப்பட வேண்டும். அவருடைய கடிதங்களையும் எழுத்துகளையும் ஆண்டவள் பார்த்தலாகாது. எந்த நாட்டு அடிமைக்கு இத்தகைய உரிமை வாய்த்தது? ஆண்டவள் என்ன உடுத்த வேண்டும் என்பதையும் அடிமையே விதிக்கிறார்.

நம் மரபு அறிந்த ஓர் ஆளோலை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. சுந்தரரின் மணப்பந்தலில் முதியவர் ஒருவர் ஓலையோடு வந்து, 'நீ எனக்கு அடிமை' என்று வழக்கிடுகிறார். சுந்தரர் மறுக்கிறார், ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார், வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அங்கே ஓலையைக் காட்டுபவர் ஆண்டவர். எதிர்த்து நிற்பவர் அடியார். மாசோக்கின் கதையில் அடிமை தானே ஓலையை எழுதி, ஆண்டவளிடம் கையொப்பம் கேட்கிறார். பக்தியையும் இவ்வேட்கையையும் ஒன்றாக்குவது என் நோக்கமன்று. ஓலை எழுதியவர் யார் என்னும் வினாவை மட்டும் இவ்வொப்பீட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 1845இல் பிறந்தவர் ஔரோரா ரூமெலின். வறுமையில் வளர்ந்து, தையல் வேலையால் பிழைத்தவர். கதையின் நாயகி பெயரில் மாசோக்குக்குக் கடிதங்கள் சென்றன. தோழி ஒருத்தியின் விளையாட்டாக அது தொடங்கியது என்கிறார் அவர். அத்தொடர்பு முதிர்ந்து, 1873இல் மாசோக்கை மணந்தார். அன்றுமுதல் அவர் வாண்டா. கதையில் பிறந்த பெயர் உயிருள்ள பெண்ணின் மேல் ஏறி அமர்ந்தது.

தம் தன்வரலாற்றை வாண்டா 1906இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். 1990இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே நான் அதைப் படித்தேன். பரபரப்பை நாடிச் செல்வோர் ஏமாற்றம் அடைவர். கடன், வீடு மாறுதல், பிள்ளைகளின் நோய், அடுத்த மாதச் செலவு ஆகியவையே அதில் நிறைந்துள்ளன. அவற்றின் நடுவே சாட்டையும் ஒரு வீட்டு வேலையாக வந்து சேர்கிறது. கதைகளில் கொடிய பெண்களே மீண்டும் மீண்டும் வருகின்றனரே என்று அவர் குறைப்பட்டபோது, அவ்வேட்கை வாழ்வில் நிறைவேறினால் எழுத்தைவிட்டு விலகும் என்று கணவர் சொன்னாராம். வெறுப்போடு தொடங்கி, பழகிப்போய், விருப்பமின்றியே தொடர்ந்ததாக வாண்டா எழுதுகிறார். அடுத்து, அவள் வேறொரு காதலனை நாட வேண்டும் என்பது கணவரின் வேண்டுதல். ஆள் தேடி நாளிதழில் விளம்பரமும் செய்யப்பட்டது. ஆண்டுக்கணக்கில் நீண்ட அவ்வேண்டுதலே அவரை மிகவும் வாட்டியது.

கணவர் மன்றாடுகிறார், மனைவி இணங்குகிறார். மன்றாடுபவரின் எழுத்தே குடும்பத்தின் வருவாய். மறுத்தால் எழுத்து நின்றுவிடும், அடுப்பும் அணைந்துவிடும் என்னும் அச்சம் அவருக்கு. காலடியில் கிடப்பவரின் சொல்லை மீற அரியணையில் இருப்பவளால் இயலவில்லை. இந்நூல் எனக்கு உணர்த்திய செய்தி இதுவே: ஆட்படும் விழைவு குற்றமன்று, மற்றவர் 'வேண்டா' என்று சொல்லும் இடம் இல்லாதபோது, பணிவும் ஒரு கட்டளையாகிவிடுகிறது.

மாசோக்கிடமும் நாம் நேர்மையோடு நடந்துகொள்ள வேண்டும். தம் விருப்பத்தை அவர் மறைக்கவில்லை; அக்காலத்தில் பலரும் எழுதத் துணியாததை எழுதினார். அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. கிராட்ஸில் பேராசிரியராக இருந்த மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங், 1890இல் இவ்வேட்கைக்கு 'மாசோகிசம்' என்று பெயரிட்டார். எழுத்தாளர் உயிரோடிருக்கும்போதே அவர் குடும்பப் பெயர் நோயின் பெயராயிற்று. 1895இல் அவர் மறைந்தார். மனைவியின் நூலுக்கு விடை சொல்ல அவர் இல்லை. அவருக்காக ஷ்லிஷ்டெக்ரோல் என்பவர் அதே 1906இல், வாண்டாவின் முகமூடியைக் களைவதாகத் தலைப்பிட்டு ஒரு மறுப்பு நூல் எழுதினார்.

வாண்டாவும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர். தன்வரலாறு என்பது தனக்காகத் தானே வாதாடும் வழக்கு. எல்லாம் விருப்பமின்றியே நிகழ்ந்தன என்கிறார். ஆயினும் துனாயெவ் என்னும் பெயரிலேயே தாமும் கதைகள் எழுதி வெளியிட்டிருக்கிறார். மணமுறிவுக்குப் பின்னரும், அவ்வேடத்தைப் பழிக்கும் நூலின் முகப்பில்கூட வாண்டா ஃபான் சாஹர்-மாசோக் என்றே கையொப்பமிடுகிறார். ஔரோரா ரூமெலின் எழுதினால் யார் வாங்குவர்? அப்பெயர் அவருக்கு விலங்காகவும் பிழைப்பாகவும் இருந்தது. இதனை மறைப்பு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நூலின் மிக உண்மையான வரி, அட்டையிலுள்ள அப்பெயர்தான் என்று தோன்றுகிறது.

இந்நூலை ஒரு மகளிர் வகுப்பில் பாடமாக வைக்க இயலுமா என்று எண்ணிப் பார்த்தேன், இயலாது. ஆனால் அது எழுப்பும் வினாவை வகுப்பிலும் கேட்கலாம், கவியரங்கிலும் கேட்கலாம். கவிஞர்களே, 'உன் அடிமை' என்று இனியும் எழுதுங்கள், அதில் பிழையில்லை. எழுதி முடித்தபின், அவள் அந்த ஓலையைப் படித்தாளா, அதைக் கிழித்துப்போடும் உரிமை அவளுக்கு உண்டா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சுந்தரருக்கு வாய்த்த அவ்வுரிமை வாண்டாவுக்கு வாய்க்கவில்லை.