பூச்சாடியில் ஒரு வெடிப்பு

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியர் சார்பில் ஆற்றிய உரை)



கப்பல்துறையிலிருந்து பஸ் ஏறி வந்து படித்த எங்களுக்குப் பிரார்த்தனை மண்டபத்துப் பித்தளைப் பூச்சாடி நன்றாக நினைவிருக்கிறது. புளியும் சாம்பலும் போட்டு மினுக்கியவர்கள் நாங்கள்தான். கடற்படைத் தளமிருந்த ஊரல்லவா, அது பீரங்கி வேட்டின் வெற்றுக்கோது. யாரோ வாயைத் தட்டி விரித்துப் பூச்சாடியாக்கியிருந்தார்கள்.

விழாவுக்காகக் களஞ்சிய அறையைத் திறந்தபோது அது வாயிலிருந்து கீழ்நோக்கி வெடித்திருந்தது. "யார் போட்டு உடைத்தது?" என்றுதான் முதலில் கேட்டோம். விழுந்த அடையாளமே இல்லை.

இத்தகைய கோது 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்த பித்தளை. தகட்டை இழுத்துக் குவளையாக்கும்போது உள்ளேயுள்ள நுண்ணிய பளிங்கு மணிகள் நீண்டு நெரியும், உலோகம் வன்மையாகும். மேலும் இழுத்தால் கிழியும். ஆகவே இடையிடையே 500, 600 பாகை செல்சியசில் சூடாக்குவார்கள். நெரிந்த மணிகளின் இடத்தில் புதியவை முளைக்கும்; பித்தளை மறுபடி இளகும். சூடு மிஞ்சினால் மணிகள் பருத்து, அடுத்து வளைக்கையில் மேற்பரப்பு தோடம்பழத் தோல்போலாகும்.

சூடாக்காமல் தட்டி அப்படியே விட்டால் இறுக்கம் உள்ளே தங்கிவிடும். பிரித்தானியர் கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களருகே வைத்த தோட்டாக் கோதுகள் தாமாகவே வெடித்தன. 1921 இல் மூர், பெக்கின்சேல், மலின்சன் மூவரும் காரணத்தை விளக்கினார்கள்: உள்ளே தங்கிய இறுக்கம், வெளியே அமோனியா. எங்கள் சாடியின் வாயிலும் தட்டிய இறுக்கம். அறை நிறைய வௌவால் எச்சம்.

பரிகாரம் எளியது. 250, 300 பாகையில் சிறிதுநேரம் சூடாக்கினால் வன்மை பெரிதாகக் குறையாமலே இறுக்கம் தளரும். ஆனால் வெடிப்பதற்கு முன் செய்யவேண்டும். வெடித்தபின் எவ்வளவு சூடாக்கினாலும் பிளவு ஒட்டாது.

சகோதரிகளே, யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் அடிபட்டவர்கள் நாங்கள். "திடமான பிள்ளைகள்" என்று பாராட்டினார்கள். இன்று வைத்தியம் பார்க்கும் எங்களிடம் பெண்கள் தலைவலி, நெஞ்சுப் படபடப்பு என்று வருகிறார்கள். சோதித்தால் ஒன்றும் தெரியாது. இருந்து கேட்டால்தான் சொல்வார்கள். எங்கள் வகுப்பிலும் ஒருத்தியை நாங்கள் கேட்காமலே விட்டோம். பரீட்சைக்கு முன்பே அவள் நின்றுவிட்டாள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு பின்னேரம், உயர்தர மாணவியருடன் பழைய மாணவி ஒருவர் இருக்கவேண்டும். புத்தி சொல்ல அல்ல, கேட்க. ஊரிலிருப்பவர் நேரில் வரட்டும், தூர தேசத்தவர் தொலைபேசியில் பேசட்டும்.

பூச்சாடியை ஒட்டுவதில்லை என்று முடிவுசெய்திருக்கிறோம். வெடிப்போடேயே அது பழைய மேசையில் இருக்கும்.