வல் மக்டேமிட்டின் துப்பறியும் நவீனங்கள்

துப்பறியும் நவீனம் என்றதும், அது வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே பலர் உளர். கொலையாளி யாரென்று தெரிந்த பின்னர் அந்நூலிற் படிப்பதற்கு யாதும் இல்லை என்பது அவர்தம் கருத்து. இக்கருத்து எவ்வளவுக்குப் பொருந்தும் என்பதை ஸ்கொட்லாந்து எழுத்தாளர் வல் மக்டேமிட் அம்மையாரின் படைப்புகளைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

அம்மையார் 1955ஆம் ஆண்டு, பைஃப் பகுதியிலுள்ள கேர்கோடி நகரிற் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி மக்கள் வாழ்ந்த நிலம் அது. நூல்களை விலைகொடுத்து வாங்கும் வசதி அவர் வீட்டில் இல்லை. ஆயினும், அவருடைய சிறு வயதிற் குடும்பம் பொது நூலகத்துக்கு எதிரே குடியேறிற்று. சிறுவர் நூல்களோடு அமையாத அப்பெண், தாயார் நோயுற்றிருக்கிறார், அவருக்காகவே வாங்குகிறேன் என்று சொல்லி, தாயாரின் அட்டையைக் காட்டி அகதா கிறிஸ்டியின் நவீனங்களைப் பெற்று வந்தாராம்! பின்னர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் சென் ஹில்டாஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றார். ஸ்கொட்லாந்தின் அரசாங்கப் பாடசாலையொன்றிலிருந்து அக்கல்லூரிக்குச் சென்ற முதல் மாணவி அவரே.

கல்விக்குப் பின் பத்திரிகைத் தொழிலை மேற்கொண்டார். அத்தொழிலில் இருந்தபோதே, 1987இல் முதல் நவீனம் வெளிவந்தது. அதன் நாயகி லிண்ட்சே கோடன் ஒரு பத்திரிகையாளர். பெண்ணை விரும்பும் பெண் என்பதை மறையாது வாழ்பவர். அக்காலத்துப் பிரித்தானியத் துப்பறியும் இலக்கியத்தில் இது பெருந் துணிவாகும். 1992இல் மான்செஸ்டர் நகரத்துத் தனியார் துப்பறிவாளர் கேற் பிரனிகன் தோன்றினார். 1995இல் உளவியலாளர் ரோனி ஹில்லும் பொலிஸ் அதிகாரி கரோல் ஜோடனும் வந்தனர். அவ்வரிசையின் முதல் நூலுக்குப் பிரித்தானியக் குற்றவியல் எழுத்தாளர் சங்கத்தின் தங்கக் குத்துவாள் விருது கிடைத்தது. 2003இல் கரன் பிரி என்ற பெண் பொலிஸ் அதிகாரியும், 2021இல் அலி பேர்ன்ஸ் என்ற பத்திரிகையாளரும் அறிமுகமாயினர்.

ஒருவரைக் கொண்டே புகழீட்டலாமே, ஐந்து வரிசைகள் எதற்கு? கேள்வி வேறாயின், கேட்கும் ஆளும் வேறாக வேண்டும் என்பதே விடை. கொடியவன் மனம் எவ்வாறு உருவாயிற்று என்று ஆராய ரோனி ஹில் வேண்டும். ஆண்டுகள் பல கழிந்து, ஊரே மறந்துவிட்ட வழக்கைத் திறக்கக் கரன் பிரி வேண்டும்.

2008இல் வெளிவந்த 'எ டாக்கர் டொமெயின்' என்ற நவீனத்தை எடுத்துக்கொள்வோம். 1984ஆம் ஆண்டுச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது ஒருவர் காணாமற் போகிறார். வேலைநிறுத்தத்தை முறித்து வேற்றூரில் வேலைக்குச் சென்றுவிட்டார் என ஊரார் முடிவுகட்டுகின்றனர். அவ்வூரில் அதனினும் பெரிய இழிவு வேறில்லை. குடும்பம் அப்பழியைச் சுமந்து வாழ்கிறது, தேடுவார் எவருமில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின், நோயுற்ற தன் மகனைக் காக்க உறவினரின் எலும்பு மச்சை தேவைப்பட்டபோதே, மகள் தந்தையைத் தேடிப் பொலிசாரிடம் வருகிறாள். இங்கே ஆராயப்படுவது ஒரு மனிதனின் மறைவு மட்டுமன்று. ஓர் ஊர் தன் மக்களுள் ஒருவனுக்கு விசாரணையின்றி வழங்கிய தீர்ப்பும் ஆகும். சுரங்க நிலத்திற் பிறந்தவரன்றி வேறெவர் இதனை இத்துணைப் பரிவோடு எழுத முடியும்?

2010இல் எழுத்தாளர் சங்கம் தனது வாழ்நாட் சாதனைக்குரிய வைரக் குத்துவாளை அம்மையாருக்கு அளித்தது. டண்டீ பல்கலைக்கழகத்தில், உடற்கூற்றியல் ஆய்வுக்கான புதிய பிணவறைக்கு அவர் முன்னின்று நிதி திரட்டினார். வாசகர் வாக்குகளால் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. வேடிக்கையாகத் தோன்றினும் பொருத்தமான சிறப்பே இது. இறந்தோர் வாய் திறந்து பேசார். அவர்க்காகச் சான்று தேடுவோர் வேண்டும். அறிவியலாளர் அதனை ஆய்வுகூடத்திற் செய்கின்றனர். அம்மையார் அதனைக் கதையிற் செய்கின்றார்.

ஆதலின் நேயர்களே, கொலையாளி யாரென்று அறிந்த பின்னரும் இந்நூல்களைப் படிக்கலாம். யார் செய்தார் என்பது இறுதிப் பக்கத்தோடு முடிந்துவிடும். ஏன் நேர்ந்தது, நாம் ஏன் பார்த்திருந்தோம் என்ற கேள்விகள் நூலை மூடிய பின்பும் நம்மைவிட்டு அகலா.