கேட்டுப் பெறுவதா, கணக்கில் நிற்பதா?

பெங்களூரின் நீலசந்திராவில் கடைத்தெரு வழியே மாலை வேளையில் நடந்து செல்வோருக்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். தையற்கடை, அச்சகம், வண்டி பழுதுபார்க்கும் பட்டறை, மளிகைக்கடை என அங்கே தொழில் நடத்துவோரிற் பலர் நான்கு அல்லது ஐந்து பேரை வைத்து வேலை வாங்குபவர்களே. ஒரே கூரையின்கீழ்த் தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து ஒலிக்கும். இத்தகைய சிறு கடைகளில் விடுப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் ஆதலின், சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். அனைவருக்கும் பொதுவாகக் கடை அடைக்கும் நாள் விடுமுறை. ஒருவர் தமக்கென எடுத்துக்கொள்ளும் நாள் விடுப்பு. ‘லீவு’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அனுமதி என்பதே பழம்பொருள். கன்னடத்தார் வழங்கும் ‘ரஜா’ என்பதும் சம்மதத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்ததே. ஆனால் நம்முடைய ‘விடுப்பு’ என்பதற்கும், உருது பேசுவோர் கூறும் ‘சுட்டி’ என்பதற்கும் விடுபடுதல் என்பதே பொருள். முன்னவை இரண்டும் கொடுப்பவரை நோக்கியவை. பின்னவை இரண்டும் பெறுபவரை நோக்கியவை. சிறு கடைகளில் எழும் தொல்லை முழுவதும் இந்த இரு பார்வைகளுக்கு இடையில்தான் இருக்கிறது.

ஒரு தையற்கடையை மனத்திற் கொள்வோம். “முதலாளி, ஆடித் திருவிழாவுக்கு ஊருக்குப் போகணும், நாலு நாள் லீவு வேணும்” என்கிறான் ஓர் இளைஞன். “பார்க்கலாம் தம்பி” என்கிறார் முதலாளி. தம்பி அதைச் சம்மதம் என்று கொள்கிறான். முதலாளியோ மறுத்துவிட்டதாகவே கருதுகிறார். ஐந்தாம் நாள் அவன் திரும்பி வரும்போது அவனது தையல் இயந்திரத்தின் முன் வேறொருவர் அமர்ந்திருக்கிறார். ஒருவருக்குப் பிழைப்புப் போயிற்று. மற்றவருக்குப் பழகிய கை போயிற்று. இருவரும் தீயவர் அல்லர். எழுதி வைக்காத ஒன்றை நம்பியதே இருவரும் செய்த பிழை. கெஞ்சினாலன்றி விடுப்புக் கிடையாது என்னும் இடத்தில் பொய்யும் வளரும். இறந்துபோன பாட்டி மறுபடியும் இறப்பார்.

சட்டம் இதனை அன்றே தீர்த்து வைத்திருக்கிறது. அன்றைய மைசூர் மாநிலத்தில் 1961-இல் இயற்றப்பட்டு, இன்று கர்நாடகத்தின் பெயரால் வழங்கும் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தின்படி, வயதுவந்த ஊழியர் வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பை ஈட்டுகிறார். நோய், விபத்து அல்லது தக்க காரணம் பற்றி ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பள விடுப்பு வேறு உண்டு. வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் உண்டு. 1963-ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம் பண்டிகை, தேசிய விடுமுறைகளை வரையறுக்கிறது. குடியரசு நாளும் மே நாளும் சுதந்திர நாளும் காந்தி பிறந்த நாளும் கன்னட ராஜ்யோத்சவமும் அவற்றுள் அடங்கும்.

“இத்தனையும் கொடுத்தால் கடையை மூடவேண்டியதுதான்” என்று முதலாளி அஞ்சலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டில் 280 நாள் உழைத்தவர் ஈட்டியது 14 நாள். அத்துடன் 12 சேர்ந்தால் 26. ஐவருக்கும் சேர்த்து 130 நாள். கடை திறந்திருக்கும் நாட்கள் ஏறக்குறைய 300 எனக் கொண்டால், நாளொன்றுக்குக் குறைவது அரை ஆள்கூட அன்று. ஆகவே விடுப்பின் அளவு கடையைக் கெடுப்பதில்லை. ஒரே வேளையில் இருவர் மூவர் சொல்லாமல் நிற்பதே கெடுக்கிறது.

இதற்கு மருந்து ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு நாட்காட்டியுமே. நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம்: ஈட்டியது, எடுத்தது, மீதி. நாட்காட்டியில் ஜனவரியிலேயே அவரவர் வேண்டும் நாட்களைக் குறித்துவிட வேண்டும். பொங்கலுக்கு ஊர் செல்பவரின் வேலையை ரம்ஜான் கொண்டாடுபவர் பார்த்துக்கொள்ளட்டும். அவர் முறை வரும்போது மற்றவர் ஈடு செய்யட்டும். பல சமயத்தார் கூடி உழைக்கும் நீலசந்திராவுக்கு இது இயல்பாக வாய்த்த வசதி. தீபாவளிக்கு முந்திய இரு வாரங்களில் முன்னேற்பாடான விடுப்பு இல்லை என்று முதலாளி விதிப்பதும் நியாயமே. ஆனால் அதனை ஜனவரியிலேயே சொல்லிவிட வேண்டும். நோய்க்கு மட்டும் முன்னறிவிப்பு கேட்கலாகாது. கடை திறக்குமுன் தொலைபேசியில் ஒரு சொல் வந்தால் போதும். கட்டிங் மாஸ்டர் வராவிட்டால் துணி வெட்ட இன்னொருவர், காஜா எடுப்பவர் வராவிட்டால் அதற்கும் இன்னொருவர் என்று ஒவ்வொரு வேலையிலும் இருவரைப் பழக்கி வைப்பது முதலாளியின் கடமை.

இவ்வாறு எழுதி வைத்த பின், ஆடி மாதத்தில் அந்த இளைஞன் தலையைச் சொறிந்து நிற்க வேண்டியதில்லை. “முதலாளி, என் பக்கத்தில் ஆறு நாள் மீதி இருக்கிறது, நாட்காட்டியிலும் குறித்திருக்கிறேன்” என்பான். “போய் வா தம்பி, வெள்ளிக்கிழமை வந்துவிடு” என்பார் அவர். வெள்ளிக்கிழமை அவனது இயந்திரம் அவனுக்காகக் காத்திருக்கும்.