மூச்சில் சத்தமா? எல்லாமே சளி இல்லை
(வெள்ளானூர் குழுக் கூட்டத்தில் பேசியது)



கைக்குழந்தை கர்கர்னு மூச்சு விட்டால் சளி, மாந்தம், கணை என்கிறோம். பல நேரம் சளிதான். ஆனால் பிறந்ததிலிருந்தே சத்தம், பால் குடிக்கும்போதும் அழும்போதும் கூடுது, மருந்துக்கும் அடங்கலைன்னா வேறு காரணம் இருக்கலாம்.

கருவில் இருதயத்தின் பெரிய இரத்தக்குழாய் முதலில் இரண்டு கிளையாக இருக்கும். ஒன்று மறைந்துவிட வேண்டும். சில குழந்தைக்கு இரண்டும் நின்றுபோய், மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சுற்றி வளைத்துவிடும். கை பெருத்த பிறகும் கழற்றாத வளையல் மாதிரின்னு வச்சுக்குங்க. இட்லி ஊட்டினாலும் தொண்டையில் நிற்கும். சில குழந்தைகள் கழுத்தைப் பின்னால் சாய்த்தே படுக்கும்.

இது யார் குற்றமும் இல்லை. கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று மருமகளைத் திட்டாதீங்க!

எக்கோ, சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும். ஆபரேஷன் செய்து வளையத்தைப் பிரித்துவிடலாம். அதன்பிறகும் சில மாதம் சத்தம் இருக்கலாம், பயப்பட வேண்டாம்.

2013-ல் தொடங்கிய திட்டத்தில் அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறை டாக்டர் குழு வருகிறது. அன்று குழந்தையைக் காட்டுங்கள். சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்து வையுங்கள், டாக்டர் முன்னால் குழந்தை சமத்தாகத் தூங்கிவிடும். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதித் தரலாமா என்று கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள்.

உதடு நீலமானாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ சாம்பிராணி போட்டுக்கிட்டு நிக்காதீங்க. உடனே 108-க்குப் போன் பண்ணுங்க.